மரச்செக்குக் கடலை எண்ணெய்: மணத்தைவிடப் பருப்பைப் பாருங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலக்கடலைச் சந்தையை ஒட்டி நடக்கும் ஒரு மரச்செக்குக் கடையின் கடலை எண்ணெயைப் பற்றியது இம்மதிப்புரை. வாகை மரச் செக்கு, மெதுவான ஓட்டம், அதிகம் சூடேறாத எண்ணெய் என்று உரிமையாளர் அடுக்கும் பெருமைகளில் பொய்யில்லை. மணத்திலும் நிறத்திலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சுத்திகரிக்காத எண்ணெய்க்கு மதிப்பெண் போட இவை போதா. செக்கில் விழும் பருப்பு எத்தகையது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஈரம் வற்றாத காயை மூட்டை கட்டி அடுக்கினால் ஆஸ்பெர்ஜில்லஸ் இனப் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றின் தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்நஞ்சைக் கண்டறிந்தார்கள். 1974இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்குக் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் கண்டு, நூறு பேருக்கு மேல் இறந்தனர். சிறிது சிறிதாக நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் இது கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை சான்று இந்த அளவுக்கு வலுவானதன்று. அங்கு அதிகம் பேசப்படுவது தானியத்திலும் காப்பிக்கொட்டையிலும் காணப்படும் ஒக்ராடாக்சின் என்னும் வேறொரு பூஞ்சை நஞ்சு. இந்நிலையில், எண்ணெய் 'கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சுத்தம் செய்யும்' என்று கடை வாசலில் பலகை தொங்குவது எரிச்சலூட்டுகிறது.

வாணலியில் காய்ந்தால் நஞ்சு போய்விடும் என்று இருந்துவிட முடியாது. பொரிக்கும் சூட்டையும் அது பெருமளவு தாங்கும். ஆலைச் சுத்திகரிப்பில் காரம் (ஆல்கலி) சேர்ப்பதும் களிமண்ணால் வெளுப்பதும் அதை ஏறக்குறைய முழுதாக நீக்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்தப் படிகள் இல்லை. பிழியும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுவது ஒன்றுதான் ஆறுதல். ஆகவே காய வைப்பதையும் பொறுக்குவதையும் சார்ந்தே எல்லாம் இருக்கிறது.

அதில் இந்தக் கடை நன்றாகவே தேறுகிறது. காயைத் தரையில் கொட்டாமல் தார்பாயில் பரப்புகிறார்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடிச் சத்தம் வரும்வரை காய விட்டுத்தான் உடைக்கிறார்கள். பிறகு இரண்டு பெண்கள் முறத்தில் புடைத்து, சூம்பியதையும், தோல் கறுத்ததையும், நடுவில் பிளந்தால் பச்சையோ மஞ்சளோ பூத்திருப்பதையும் தனியே ஒதுக்குகிறார்கள். அவ்வாறு ஒதுக்கிய ஒரு பருப்பைக் கேட்டு வாங்கிப் பிளந்து பார்த்தேன். வெளியே வெறும் சுருக்கம்தான், உள்ளேயோ முளைப்பக்கம் முழுவதும் பச்சைத்தூள். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சீராகப் பரவுவதில்லை, சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும் என்பதால், இந்தக் கைவேலைக்கு எந்த விளம்பரத்தையும்விட மதிப்பு அதிகம்.

குறை இரண்டு. ஆய்வகச் சோதனை அறிக்கை கேட்டால் எண்ணெய் கெட்டிருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும் அமில மதிப்பைக் காட்டும் தாளை நீட்டுகிறார்கள். அஃப்ளடாக்சினுக்குச் சோதித்ததே இல்லையாம். மற்றது இன்னும் கவலைக்குரியது. ஒதுக்கிய பருப்புச் சாக்கை மாட்டுத் தீவன வியாபாரி வாங்கிக்கொண்டு போகிறார். அந்நஞ்சு மாட்டின் உடலில் மாற்றம் பெற்று அஃப்ளடாக்சின் எம்1 ஆகப் பாலில் வருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 5.7 சதவீதத்தில் இது வரம்பை மீறியிருந்தது. இப்படி மீறியதில் முன்னணியில் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

எண்ணெய்க்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், தொடர்ந்து வாங்கவும் செய்வேன். மாடு வைத்திருப்பவர்கள் அறிக்கை வரும்வரை இங்கே புண்ணாக்கு வாங்க வேண்டாம்.