மலை ஓட்டப் பயிற்சி: வேகத்தை நம்புவதா, இதயத் துடிப்பையா, உடம்பையா?

சமதள மாரத்தானுக்குத் தயாராகிறவரிடம் கோச் "கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம்" என்று சொன்னால் போதும். யூடிஎம்பி மாதிரி மலை ஓட்டத்துக்கு அந்தப் பேச்சு எடுபடாது. பிரான்ஸின் ஷாமொனியில் கிளம்பி ஆல்ப்ஸ் மலைச் சிகரமான மோன் பிளாங்கைச் சுற்றிவரும் அந்தப் பாதை சுமார் 170 கிலோமீட்டர். ஏறவேண்டியது மட்டும் ஏறக்குறைய 10,000 மீட்டர். அங்கே கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம் ஆனால் சோம்பி நடந்ததாகவும் இருக்கலாம், மூச்சைப் பிடித்து ஏறியதாகவும் இருக்கலாம். சரிவைக் கழித்துச் சமதள வேகத்தைக் காட்டும் வாட்ச்களும் உண்டு; சேறும் வேரும் உருளும் கல்லும் அந்தக் கணக்கில் வராது. ஆகவே வேகத்தை ஓரங்கட்டிவிடலாம்.

ஏற்றத்தில் இதயத் துடிப்புக்கே என் ஓட்டு. "இன்று மெதுவாக" என்று கோச் எழுதியிருந்தாலும் மேடு வந்ததும் முக்கால்வாசிப் பேர் முட்டி மோதுவார்கள். தொலைவில் இருக்கும் கோச்சுக்கு அதைக் காட்டிக்கொடுப்பது துடிப்புதான். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் பிசகும். மலையேறிகளுக்குப் பயிற்சி தரும் ஸ்டீவ் ஹவுஸ், ஸ்காட் ஜான்ஸ்டன் போன்றோர் பரப்பிய சோதனை மேல்: டிரெட்மில்லில் ஒரே சரிவு, ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம். பின்பாதியின் சராசரித் துடிப்பு முன்பாதியைவிட 5 சதவீதத்துக்கு மேல் கூடினால், தொடங்கிய வேகமே உங்கள் "மெதுவான" ஓட்டத்துக்கு அதிகம். இதற்குத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை வேண்டும். ஊன்றுகோலை இறுக்கிப் பிடிக்கும் கையில் வாட்ச் சென்சார் உளறும்.

இறக்கத்தில் கதை தலைகீழ். மினெட்டி என்ற ஆய்வாளரின் குழு 2002-இல் அளந்தபடி, 20 சதவீதச் சரிவில் இறங்கி ஓட, சமதளத்தில் ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ பாதிதான் செலவு. இதயம் சும்மா இருக்கிறது. தொடைத் தசையோ நீண்டுகொண்டே எடையைத் தாங்கிச் சிதைகிறது. வாட்ச் "லேசான நாள்" என்று பாராட்டும், மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது. இங்கே உருப்படியான அளவு, வாரத்தில் எத்தனை மீட்டர் இறங்கினீர்கள் என்பது. ஏறிய மீட்டரைப் பெருமையாகப் பகிர்கிற அளவுக்கு இதை யாரும் எழுதிவைப்பதில்லை. கடுமையான ஓர் இறக்கப் பயிற்சி அடுத்த சில வாரங்களுக்குத் தசையைக் காக்கும் என்பதால், அதைப் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே வைப்பது நல்லது.

மூன்றாவது, உடம்பு சொல்வதைக் கேட்பது. அமெரிக்க மலை ஓட்ட வீராங்கனை கோர்ட்னி டாவால்ட்டர் பல வருடம் கோச் இல்லாமல், உணர்வை வைத்தே பயிற்சி செய்தவர். 2023-இல் ஒரே கோடையில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யூடிஎம்பி என்ற மூன்று நெடுந்தூரப் போட்டிகளிலும் பெண்களில் முதலிடம். இதைக் காட்டி வாட்சைத் தூக்கி எறியச் சொல்கிறவர்கள், அவர் பள்ளி நாளிலேயே பனிச்சறுக்கு ஓட்டத்தில் மாநில சாம்பியன் என்பதைச் சொல்வதில்லை. அத்தனை வருடப் பழக்கம் இல்லாதவருக்கு "சுலபம்" என்று தோன்றுவது பெரும்பாலும் சுலபமல்ல.

அதனால் புதியவருக்கு முதல் சில மாதம் மார்புப் பட்டையும் இறக்க மீட்டர் கணக்கும். கூடவே ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பத்துக்கு எத்தனை கஷ்டம் என்று அவரே மதிப்பெண் போடட்டும், வாட்சைப் பார்க்கும் முன்பே. அந்த மதிப்பெண்ணும் துடிப்பும் ஒத்துப்போகத் தொடங்கிய பிறகு பட்டையைக் கழற்றிவிடலாம். போட்டியில் இரவு தாண்டினால் எப்படியும் உணர்வுதான் கதி. பல மணி நேரம் ஓடிக் களைத்த உடலில் எவ்வளவு முயன்றாலும் துடிப்பு பழைய எண்ணுக்கு ஏறாது.