முன்கண்ணாடிக்கு ரெசின் கிட்: விரிசலை நிறுத்தும், தழும்பை மறைக்காது

கார் முன்கண்ணாடியில் கல் தெறித்த காயத்தை வீட்டிலேயே அடைக்கும் ரெசின் (இறுகும் திரவப் பிசின்) கிட்டை வாங்குபவர்களில் பலர், கண்ணாடி புதிது போல ஆகிவிடும் என்று நம்பி ஏமாறுகிறார்கள். அது ஆகாது. நன்றாகச் செய்தாலும் மங்கலாக ஒரு புள்ளி நிற்கும். ஆனால் விரிசல் ஓடுவதை நிறுத்தும், முழுக் கண்ணாடியையும் மாற்றும் செலவு மிச்சமாகும். அதற்காகவே வாங்கலாம்.

முன்கண்ணாடி என்பது சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகள், நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் பொதுவாக வெளிக்கண்ணாடி மட்டும் உடையும். கண்ணாடி நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவை முழுக்கக் காயத்தின் கூர்முனையில் குவிகிறது. வெயிலில் காய்ந்த கண்ணாடியில் உள்ளிருந்து ஏசிக் காற்றை முழு வேகத்தில் அடிப்பது, உறைபனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவது, ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறி வண்டிக்கூடு முறுக்கிக்கொள்வது எல்லாம் அந்த முனையை இழுக்கின்றன. ஈரம் இன்னும் மோசம். நீர் விரிசல் முனைக்குப் போய்க் கண்ணாடியின் பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. நிறுத்தி வைத்த வண்டியில்கூட விரிசல் நீள்வது அதனால்தான். ஓரத்துக்கு அருகே விழுந்த காயத்தைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். கண்ணாடியின் பலவீனமான இடம் ஓரம்தான்.

சந்தையில் இரண்டு வகைக் கிட்கள் உண்டு. ஒன்று ஒட்டும் வளையமும் பிளாஸ்டிக் ஊசிக்குழலும் கொண்டது. மற்றது உறிஞ்சு கப்கள் உள்ள தாங்கியும் திருகு இன்ஜெக்டரும் கொண்டது. எங்கள் பரிந்துரை இரண்டாவது. வளைந்த கண்ணாடியில் ஒட்டும் வளையம் முழுதாகப் பதியாமல் காற்று கசியும், அழுத்தமே நிற்காது. திருகு வகையில் அழுத்தத்தை நூல் பிடித்தாற்போல் கட்டுப்படுத்தலாம்.

கருவியைவிட முக்கியம் தயாரிப்பு. காயத்தில் தளர்ந்த கண்ணாடித் துகள்களை ஊசி முனையால் எடுத்துவிட வேண்டும். தண்ணீர், சோப்பு, கண்ணாடி கழுவும் திரவம் எதுவும் படக் கூடாது. ஈரம் இருந்தால் உள்பக்கமிருந்து ஹேர் டிரையரை எட்டப் பிடித்து மிதமாகக் காய வைத்து, கண்ணாடி ஆறும்வரை பொறுக்க வேண்டும். தொட்டால் சுடவும் கூடாது, சில்லிடவும் கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் ரெசின் கெட்டியாகி விரிசலுக்குள் நுழையாது.

வேலை முழுக்க நிழலில் நடக்க வேண்டும். ரெசின் புற ஊதா ஒளியில் இறுகுவது. வெயிலில் ஆரம்பித்தால் பாதி வழியிலேயே உறைந்துவிடும். இன்ஜெக்டரின் ரப்பர் முனை காயத்தின் நடுவே சரியாக உட்கார்ந்த பிறகு சில துளி ரெசின் விட்டு, பிஸ்டனைத் திருகி இறக்க வேண்டும். சில நிமிடம் கழித்து மேலே எடுத்தால் சிக்கிய காற்று குமிழாக வெளியேறும். மறுபடி இறக்க வேண்டும். காயத்தின் கால்கள், அதாவது அதிலிருந்து பிரியும் சிறு விரிசல்கள், எல்லாம் நிரம்பும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் காற்று நிற்கும் இடம் வெள்ளிக் கோடாகப் பளபளக்கும். அவசரப்பட்டு முழு பலத்தில் திருகுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு: விரிசல் கண்முன்னே நீண்டுவிடும்.

நிரம்பியதும் தாங்கியை எடுத்து, குழியில் ஒரு துளி கெட்டி ரெசின் வைத்து, மேலே ஒளி ஊடுருவும் படலத்தைக் குமிழில்லாமல் ஒட்டி வெயிலில் விட வேண்டும். நல்ல வெயிலில் கால் மணி நேரம் போதும்; மேகமூட்டத்தில் கூடுதலாகும். பிறகு பிளேடைக் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்ட வேண்டும். சாய்த்துப் பிடித்தால் குழியில் இருக்கும் ரெசினையும் பெயர்த்துவிடும்.

பெட்டியில் நீண்ட விரிசல் படம் போட்டு விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒரு நாணய அளவுக்குள் அடங்கும் வட்டம், பிறை, நட்சத்திர வடிவக் காயங்களுக்கே இது பொருந்தும். ஓரம்வரை போன விரிசல், உள்கண்ணாடியில் தட்டுப்படும் விரிசல், ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் உள்ள காயம், முன்கண்ணாடியின் உள்பக்கம் சாலையைப் பார்க்கும் கேமராவின் முன் உள்ள காயம் ஆகியவற்றைத் தொட வேண்டாம். பட்டறைக்குக் கொண்டு போங்கள். கேமரா உள்ள வண்டியில் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டியிருக்கும். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கக் கண்ணாடிக்கு இந்தக் கிட் பயன்படாது. பெரும்பாலும் அது பதப்படுத்திய கண்ணாடி, உடைந்தால் சிறுசிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும்.

கிட் கைக்கு வரும்வரை காயத்தின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி வையுங்கள். உள்ளே அழுக்கு இறங்கிவிட்டால் ரெசின் அதைத் தள்ளி வெளியேற்றாது, அப்படியே அடைத்துவிடும். அந்தக் கறுப்பு பிறகு எப்போதும் தெரியும்.