'கேட்' ஸ்டைபண்ட் வரும் என்று கல்லூரி சொன்னால், வாய்வார்த்தையை நம்பிச் சேராதீர்கள்

மாதம் 12,400 ரூபாய். 'கேட்' நுழைவுத் தேர்வு ஸ்கோரோடு எம்.இ. சேர்பவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை இது. இதை நம்பித்தான் அம்மாவின் செயினை அடகு வைத்து எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தேன். படிப்பு முடிந்துவிட்டது. ஒரு ரூபாய்கூட வரவில்லை.

ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உள்ள கல்லூரியில், செல்லுபடியாகும் 'கேட்' ஸ்கோரோடு முழுநேர எம்.இ., எம்.டெக். சேர்பவர்களுக்கு 24 மாதம் வரை இந்தத் தொகை நேராக வங்கிக் கணக்கில் ஏறும். மொத்தம் 2,97,600 ரூபாய். தறி ஓட்டும் என் அப்பாவுக்கு அது சின்னத் தொகை இல்லை.

அட்மிஷன் அன்று ஆபீசில் இருந்தவர் அப்பாவிடம், "உங்களுக்கென்னங்க, பாப்பாகிட்ட கேட் ஸ்கோர் இருக்கு. மாசா மாசம் கவர்மெண்டே குடுத்துரும். ஸ்காலர்ஷிப் வேலைக்கு மட்டும் ஒரு 5,000 கட்டிருங்க" என்றார். கட்டினோம். ரசீதில் ஸ்காலர்ஷிப் என்ற வார்த்தையே இல்லை. நீல மையில் 'இதர கட்டணம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இதற்கு விண்ணப்பிக்கப் பைசா செலவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

இன்னொன்றும் தெரியாது. இதில் மாணவர் தானாகப் போய் விண்ணப்பிக்க முடியாது. முதலில் கல்லூரிதான் ஏ.ஐ.சி.டி.இ. போர்ட்டலில் நம் பெயருக்கு ஐ.டி. உருவாக்க வேண்டும். அதை வைத்து நாம் பதிவு செய்து ஸ்கோர் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாம் ஏற்றினால், கல்லூரி சரிபார்த்து அனுப்ப வேண்டும். கடைசித் தேதிக்குள் நடக்காவிட்டால் அவ்வளவுதான்.

அக்டோபரில் கேட்டேன், "போர்ட்டல் இன்னும் ஓப்பன் ஆகலம்மா" என்றார்கள். நவம்பரில், "அத பாக்குற சார் லீவு". பிறகு வேறு கல்லூரியில் படிக்கும் தோழி, தனக்குப் பதிவு வேலை எல்லாம் முடிந்துவிட்டது என்று போனில் சொன்னாள். ஓடிப்போய்க் கேட்டால், அந்த சார் வேலையை விட்டே மாதக்கணக்காகிறதாம். பாஸ்வேர்டு யாரிடம் என்று ஆபீசில் ஒருவருக்கும் தெரியவில்லை. தேதியும் முடிந்திருந்தது. 5,000-ஐத் திருப்பிக் கேட்டதற்கு, "அது அட்மிஷன் கணக்குல போயிருச்சும்மா". அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்யவே எனக்குத் தைரியம் வரவில்லை.

விலகலாம் என்றால், அசல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில். சரிபார்த்த உடனே அசலைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவித்திருக்கிறது. தெரிந்திருந்தால் அன்றே வாதாடியிருப்பேன்.

சேரும் முன் செகண்ட் இயர் அக்கா, அண்ணன்களைப் பிடித்து, ஸ்டைபண்ட் ஏறியதா என்று பாஸ்புக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வகுப்பு தொடங்கியதும் ஐ.டி. நம்பரைக் கேட்டு வாங்குங்கள், "அப்புறம்" என்றால் எழுத்தில் கேளுங்கள். பகுதிநேரப் படிப்புக்கு இது கிடையாது. ஜாயிண்ட் அக்கவுண்ட் வேண்டாம். உங்கள் பெயரில் மட்டும், ஆதார் இணைத்த கணக்கு வேண்டும்.

கல்லூரிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் ஜூனியர்களில் யாராவது அதே 'இதர கட்டணம்' கட்டியிருந்தால் ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்த்தே கொடுக்கலாம்.