முதலில் பிரேக் ஆயில், அப்புறம் ரீமேப்: மோட்டுல் ஆர்பிஎஃப் 600

ஃபோக்ஸ்வேகன் போலோ டிஎஸ்ஐ கார் வாங்கியவர்கள் பலரும் முதலில் ரீமேப்பில்தான், அதாவது பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவதில்தான், காசைக் கொட்டுகிறார்கள். ரேஸ் டிராக்குக்குப் போவதாக இருந்தால் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள் என்பேன். என் வண்டியில் இருப்பது மோட்டுல் ஆர்பிஎஃப் 600.

சாதாரண பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரத்துக்குப் புது ஆயிலின் கொதிநிலை 230 டிகிரி இருந்தாலே போதும். இதற்கு 312. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நேர்ப்பாதை முடிந்து வளைவுக்கு முன் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். பழைய ஆயில் என்றால் காலிபர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) சூட்டில் குமிழி கட்டி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இதை ஊற்றிய பிறகு வெயில் மண்டையைப் பிளந்த நாளிலும் பெடல் இறங்கவில்லை. ஆனால் பிரேக் பேடு தேய்ந்து கருகியிருந்தால் எந்த ஆயிலும் காப்பாற்றாது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சென்னையில் கேட்கவே வேண்டாம். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கிவிடும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றிவிடுகிறேன். அரை லிட்டர் பாட்டில். நான்கு சக்கரத்திலும் பழையதை முழுக்க வெளியேற்ற இரண்டு வாங்கி வைப்பது நல்லது. சீல் உடைப்பதை மெக்கானிக் உங்கள் கண்ணெதிரே செய்யட்டும். திறந்து மூலையில் கிடந்த பாட்டிலை ஊற்றுவதற்கு இவ்வளவு காசு எதற்கு? பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஆபீசுக்கு மட்டும் ஓட்டுபவர்களுக்குச் சாதா டாட் 4 தாராளம்.