ஹிட்ச் கவரில் மாட்டுக்குறி வெட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

டெக்சாஸ் பக்கம் இருப்பவர்கள், அதிலும் பண்ணைக்காரர் யாருக்காவது பரிசு கொடுக்க நினைப்பவர்கள், ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 165 டாலரும் ஏழு வாரமும் போயின. வயதில் பெரியவர் ஒருவர் முன்னால் அசடு வழிந்தது தனிக் கணக்கு.

அவர் ஆட்டுக்கறி வாங்கப் போய்ப் பழக்கமானவர். மாடுதான் தொழில், ஆடு சும்மா பத்துப் பதினைந்து. எழுபதாவது பிறந்தநாள் வந்தது. அவருடைய எஃப்-250 டிரக்கில் டிரெய்லர் மாட்டாத நாட்களில் அதை மாட்டுவதற்காகப் பின்னால் இருக்கும் சதுரக் குழாய், அதாவது ரிசீவர், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், சேறும் குளவிக்கூடும் அதற்குள்தான். அதை மூடுவதற்கு ஹிட்ச் கவர் என்று ஒரு தகடு உண்டு. கடைகளில் கொடி, மான் தலை, கால்பந்து அணிச் சின்னம் என்று வகைவகையாகக் கிடைக்கும். நான் அவருடைய பண்ணைக்குறியையே எஃகில் வெட்டிக் கொடுக்க ஆசைப்பட்டேன்.

இந்தக் குறி வெறும் லோகோ இல்லை. மாட்டின் மேல் சூடு போடும் அடையாளம் அது. டெக்சாஸில் அதை கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகத்தில் பதிய வேண்டும், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். கடைசியாக 2021இல் நடந்தது. உடம்பில் எந்த இடத்தில் போடுவது என்பதும் பதிவில் இருக்கும். குறியைப் படிக்கவே தனி இலக்கணம் வைத்திருக்கிறார்கள். எழுத்து படுத்துக் கிடந்தால் 'லேஸி', தலைகீழாக நின்றால் 'கிரேஸி', கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருந்தால் 'ரிவர்ஸ்'. அடியில் ஒரு வளைவு ஒட்டியிருந்தால், ஆடும் நாற்காலியின் கால் மாதிரி, அது 'ராக்கிங்'. அதே வளைவு ஒட்டாமல் தள்ளி நின்றால் 'குவார்ட்டர் சர்க்கிள்', அதாவது வேறொரு குறி. அவருடைய குறியை இங்கே அப்படியே சொல்ல விரும்பவில்லை. 'ராக்கிங் ஆர்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வெட்டித் தர நான் பிடித்த ஆள் வேறு மாநிலத்தில் இருக்கிறார். அவருடைய இணையப் பக்கத்தில் அழகழகான படங்கள், பண்ணைக்குறி வெட்டுவதில் கைதேர்ந்தவர் என்ற பீற்றல். பெயர் போடவில்லை, போட்டாலும் அடுத்த மாதம் வேறு பெயரில் கடை திறப்பார். அவருக்கு இரண்டு படங்கள் அனுப்பினேன். ஒன்று பதிவுச் சான்றிதழின் நகல், பெரியவரின் மனைவி ரகசியமாக எடுத்துக் கொடுத்தது. மற்றொன்று கொட்டகையில் தொங்கிய சூட்டுக்கோலின் முகத்தை நானே போனில் எடுத்தது. இந்த இரண்டாவது படம் என் முட்டாள்தனம். ரப்பர் ஸ்டாம்பு போலத்தான் சூட்டுக்கோலும், முகத்தில் எழுத்து இடவலம் மாறியிருக்கும், தோலில் பதியும்போதுதான் நேராகும். அது தெரிந்தே, "சான்றிதழில் உள்ளதுதான் சரி, கோல் படம் சும்மா பார்க்க" என்று எழுதியும் அனுப்பினேன். "கவலையே வேண்டாம், வெட்டும் முன் ப்ரூஃப் அனுப்புகிறோம்" என்று பதில் வந்தது. ப்ரூஃப் என்றால் நாம் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய மாதிரிப் படம். அது வரவே இல்லை.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது எழுத்து. திரும்பி நின்றது. கோல் படத்தை அப்படியே கம்ப்யூட்டரில் கோடு பிடித்து, எஃகை உருக்கி வெட்டும் பிளாஸ்மா கருவியில் வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

அடுத்தது வளைவு. தகட்டில் எழுத்தை ஓட்டையாக வெட்டும்போது, ஆர் எழுத்தின் தலைக்குள் இருக்கும் சின்னத் துண்டு பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். விழாமலிருக்க நடுவில் மெல்லிய பாலம் விடுவார்கள். அது நியாயம். ஆனால் இந்த மனிதர் எழுத்தின் காலும் வளைவும் சேரும் இடத்திலும் அரை அங்குலத்துக்குத் தகட்டை விட்டுவைத்திருந்தார். வளைவு தனியாகப் போய்விட்டது. ஆக, 'ராக்கிங் ஆர்' கேட்ட எனக்கு வந்தது 'ரிவர்ஸ் ஆர் குவார்ட்டர் சர்க்கிள்'. அது எந்தக் கவுண்டியில் யாருடைய மாடோ!

வேலைத்தரம் அதைவிட மோசம். வெட்டிய விளிம்பில் உருகி உறைந்த கசடைத் தேய்க்கவே இல்லை, விரலை ஓட்டினால் கீறும். எஃகின் மேல் இருக்கும் கரும்படலத்தை எடுக்காமல் அதன் மேலேயே பவுடர் கோட்டிங், அதாவது பொடியைச் சூடாக்கி ஒட்டவைக்கும் பெயின்ட். நகத்தால் நெம்பினேன், முட்டை ஓட்டுத் தோல்போல ஒரு சில்லு கழன்று வந்தது. தகட்டின் பின்னால், ரிசீவருக்குள் நுழையும் குழாயைச் சுற்றிலும் வெல்டிங் ஓட்டியிருக்க வேண்டும், நாலு மூலையில் டேக் எனும் புள்ளி வெல்டிங் மட்டும் அடித்திருந்தார்கள். அந்தக் குழாயும் 2 அங்குலம். நான் டேப்பை எடுத்துப்போய் அவருக்குத் தெரியாமல் டிரக்குக்குப் பின்னால் குந்தி அளந்து கொடுத்தது 2½. மாட்டிப் பார்த்தபோது உரலில் உலக்கை மாதிரி ஆடியது. வெட்டிய ஆளைக் கேட்டால், "ஸ்லீவ் (இடைவெளியை அடைக்கும் உறை) வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்.

பெரியவர் சிரித்தார். பழைய காலத்தில் மாட்டுத் திருடர்கள் ராத்திரியில் வந்து, கம்பியைக் காய்ச்சி, இருக்கிற குறியில் ஒரு கோடு கூட்டி வேறு குறியாக்கிவிடுவார்களாம். "நீ காசு கொடுத்துச் செய்ய வைத்திருக்கிறாய்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பணம் திரும்ப வரவில்லை. காரணம் நானே. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல்லில் அனுப்பினால் 15 டாலர் குறைப்பதாக அந்த ஆள் சொன்னார், அனுப்பிவிட்டேன். ஸெல்லில் நாமாக அனுப்பிய பணத்துக்கு, பொருள் சரியில்லை என்று சொல்லித் திரும்பக் கேட்கும் பாதுகாப்பு கிடையாது. பேபாலில் 'நண்பர், குடும்பம்' என்று அனுப்பினாலும் இதே கதிதான். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்னபடி வராத பொருளுக்கு, ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் வங்கிக்கு எழுதி வழக்காடியிருக்கலாம். "கஸ்டம் வேலை, ரிட்டர்ன் கிடையாது" என்ற ஒற்றை வரியோடு அந்த ஆள் பேச்சை முடித்துக்கொண்டார். நான் எழுதிய கடைசி மூன்று மெயிலுக்குப் பதிலே இல்லை.

அதனால் ஆர்டர் கொடுப்பவர்கள் சான்றிதழில் இருக்கும் படத்தை மட்டும் கொடுங்கள், சூட்டுக்கோல் படத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அளவு போட்ட ப்ரூஃப் கைக்கு வந்து, பாலம் எங்கே விழுகிறது என்று பார்த்து, நீங்கள் சரி என்று எழுதிய பிறகுதான் வெட்டலாம் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசீவரை உள்வாயில் அளந்துகொள்ளுங்கள். சாதாரண பிக்கப்புகளில் பெரும்பாலும் 2 அங்குலம், கனரக டிரக்குகளில் 2½, சிலவற்றில் 3கூட உண்டு.

இப்போது ஊரிலேயே ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். அந்த மனிதர் விலை பேசுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "கிளார்க் ஆபீஸ் பேப்பர் இருக்கிறதா?" எழுத்தையும் வளைவையும் ஒரே துண்டாக வெட்டித் தகட்டின் மேல் வைத்துப் பற்றவைத்துவிடலாம், பாலமே வேண்டாம் என்றார். பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து காட்டி, என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். 140 டாலர், வேலை முடிந்த பிறகு கொடுத்தால் போதும்.

பழையதைத் தூக்கிப் போடலாம் என்றேன். பெரியவர் விடவில்லை, கோழிக்கூண்டுக் கதவில் ஆணியடித்து மாட்டிவிட்டார். கோழிகளுக்கு இன்னும் குறி எதுவும் பதியவில்லையாம்.