மெடிக்கலில் கேட்டதும் எடுத்துத் தருகிற அந்த ஆயின்மென்ட்: எட்டு மாதம் தடவியவன் எழுதும் விமர்சனம்

முதல் வாரத்தில் எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து ஸ்டார் கொடுத்திருப்பேன். பொய் இல்லை. தடவிய அன்று ராத்திரியே அரிப்பு நின்றது, மூன்றாம் நாள் சிவப்பு மங்கியது, ஒரு வாரத்தில் தொடையில் படர்தாமரை வட்டம் இருந்த இடமே தெரியவில்லை. ரூமில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் நானே சிபாரிசு செய்தேன், இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் உறுத்துகிறது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஸ்டீம் அயர்ன் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலை, ஆர்டர் அவசரம் என்றால் ராத்திரியும் சேர்த்து. மத்தியானத்துக்குள் சட்டையும் ஜீன்ஸும் வேர்வையில் ஊறிவிடும், அப்படியே காய்ந்து அப்படியே திரும்ப நனையும். ஏப்ரலில் தொடையிடுக்கில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஒரு வட்டம் வந்தது, ஓரம் மட்டும் சிவந்து பொரிப்பொரியாக, நடுவில் சாதாரணத் தோல். படர்தாமரைதான் என்று பார்த்ததுமே தெரியும். தெரிந்து என்ன, அந்த இடத்தைக் காட்ட டாக்டரிடம் போக வெட்கம். மெடிக்கலில் நின்று பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து "அண்ணா, அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்றேன். எங்கே, எத்தனை நாளாக என்று ஒரு கேள்வி இல்லை. டியூப் கைக்கு வந்துவிட்டது.

பிராண்ட் பெயர் போடவில்லை. இதே கலவையில் ஏகப்பட்ட டியூப்கள் இருக்கின்றன, அட்டைப்பெட்டி நிறம்தான் மாறும். எனக்குக் கிடைத்ததில் மைக்கோனசோல் 2%, நியோமைசின் 0.5%, க்ளோபெட்டசால் 0.05%. முதலாவது பூஞ்சைக்கு, இரண்டாவது பாக்டீரியாவுக்கு, மூன்றாவது அரிப்பையும் சிவப்பையும் அமுக்குகிற ஸ்டீராய்டு. எது வந்திருந்தாலும் ஒன்று கேட்கும் என்கிற கணக்கு, எல்லா நோய்க்கும் ஒரே லேகியம் விற்பவர் கணக்கு மாதிரி. 0.05% என்று பார்த்துவிட்டு அந்த ஸ்டீராய்டு பேருக்குச் சேர்த்தது என்று நினைத்தேன். தோலில் பூசுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை அதுதான் என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பெட்டியில் பொடி எழுத்தில், மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் சில்லறையில் விற்க வேண்டும் என்றும் போட்டிருந்தது. 2018-ல் அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கடையில் யாரும் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை.

சரி, இரண்டாம் மாதத்துக்கு வருவோம். தடவுவதை நிறுத்திய பத்தாம் நாள் அதே இடத்தில் திரும்ப வந்தது, இந்த முறை ஒன்று இரண்டானது. திரும்ப டியூப். அடங்கியது. அப்புறம் இடுப்பு, அப்புறம் அக்குள். ஆகஸ்டில் பார்த்தால் வட்டமே இல்லை, உருவமில்லாமல் பழுப்பாகப் படர்ந்து, வட்டத்துக்குள் வட்டமாக, இது படர்தாமரையா வேறு எதுவுமா என்று எனக்கே சந்தேகம். ஊருக்கு போன் போட்டால் அம்மா "ரத்தம் கெட்டுப்போச்சுடா, கத்திரிக்காயும் கருவாடும் தொடாதே" என்றார். கத்திரிக்காயை விட்டேன், கருவாட்டை விட முடியவில்லை. வந்தது போகவில்லை. ரூமில் மற்ற மூன்று பேருக்கும் வந்துவிட்டது, கொடி ஒன்று, துண்டுகள் யாருடையது யார் கையில் என்று கணக்கே இல்லை, அவர்களும் அதே டியூப்தான். டிசம்பரில் ஒருநாள் குளிக்கும்போது பார்த்தேன், தொடையின் உள்பக்கம் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள், பிரசவமான பெண்களின் வயிற்றில் இருக்குமே, அது மாதிரி. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் ஓ.பி.க்குப் போனேன், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று. இரண்டரை மணி நேரம் வரிசை, ஃபேன் ஒன்றுதான் ஓடியது, அதற்கு ஒரு ஸ்டார் குறைக்கலாம். ஆனால் அந்த வரிசையில் நின்றதில் கற்றுக்கொண்டது கொஞ்சம் இல்லை. எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும், ராத்திரியானால் மூன்று பேரும் தூங்காமல் சொறிகிறார்கள், விரலிடுக்கில் பொடிப்பொடியாகப் புண். தண்ணீர் சேரவில்லை என்று ஒரு மாதம் கேன் தண்ணீரில் குளித்திருக்கிறார்கள். அது சிரங்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் குடைந்து முட்டை வைக்கிறது, ராத்திரியில் அரிப்பு கூடுவதுதான் அதன் அடையாளம். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை ராத்திரி பூசிக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்துத் திரும்ப ஒருமுறை, அதுவும் அரிப்பு இல்லாத அப்பாவும் சேர்த்து வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில். "அவருக்கு ஒண்ணும் இல்லீங்களே" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்ல, டாக்டர் மேடமும் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்னொரு பையன், கொஞ்சம் பருமன், கழுத்தைச் சுற்றிக் கருப்பு. அவன் பாட்டி பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துத் தோலை உரித்தே விட்டிருக்கிறார். அழுக்கே இல்லையாம் அது. எடை கூடி இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போனாலும் கழுத்து அப்படிக் கருக்குமாம், சர்க்கரை பார்க்க எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வெளுத்துப்போன ஒருவருக்குப் பொட்டின் பசைதான் காரணம். கொத்தனார் ஒருவருக்குக் கை முழுக்க வெடிப்பு, சிமென்ட்டில் இருக்கிற குரோமியம் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாமே அரிப்பு, எல்லாமே நிறமாற்றம், ஆனால் ஒன்றின் காரணம் பூச்சி, ஒன்று சர்க்கரை, ஒன்று பசை, ஒன்று சிமென்ட். மெடிக்கலில் எனக்கு ஒரு கேள்வி இல்லாமல் டியூப் வந்தது ஞாபகத்துக்கு வந்தது.

என் முறை வந்ததும் மேடம் முதலில் கேட்டது, "என்ன தம்பி போட்டீங்க?" டியூபைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தப்போகிறார் என்று நினைத்தேன், கத்தவில்லை, "இன்னைக்கு இது எத்தனாவதுன்னு எனக்கே எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்றார். பிளேடு முனையால் ஓரத்துத் தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் ஏதோ சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்பினார்கள். பூஞ்சை நூல்நூலாக இருக்கிறது என்று வந்தது, அதாவது படர்தாமரையேதான்.

"பூஞ்சைக்கு மருந்தும் அதுலயே இருக்கே மேடம், அப்புறம் ஏன் போகல?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "வீட்டுக்குள்ள திருடன் வந்தா நாய் குலைக்கும். அரிப்பும் சிவப்பும் அந்தக் குலைப்பு. ஸ்டீராய்டு நாய்க்கு மயக்க மருந்து. சத்தம் நின்னதும் திருடன் போய்ட்டான்னு நீங்க டியூபை மூடி வச்சிட்டீங்க. அவன் உள்ளே சாவகாசமா குடித்தனம் பண்ணியிருக்கான்." ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைக்கும்போது மைக்கோனசோல் ஒன்றால் சமாளிக்க முடிவதில்லை. போதாதற்கு இந்தியாவில் இப்போது பரவுகிற பூஞ்சையில் ஒரு வகை, வழக்கமாகக் கொடுக்கிற டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கே பல நேரம் அடங்குவதில்லை. 2020-ல் ஜப்பானில் ஆராய்ந்து அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயருக்குள்ளேயே நம் நாடு இருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை. தொடையில் கோடு விழுந்ததற்கும் காரணம் சொன்னார். இடுக்குகளில் தோல் மெல்லிசு, மடிப்புக்குள் மருந்து மூடியே கிடப்பதால் உள்ளே நிறைய இறங்கும். விதைப்பைத் தோல் முன்கையைப் போல நாற்பது மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சுமாம். இவ்வளவு வீரியமான ஸ்டீராய்டை எந்த இடமானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது, நான் அதைப் போடவே கூடாத இடத்தில் எட்டு மாதம் போட்டிருக்கிறேன். கருவாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இந்தப் பூஞ்சை தோலின் மேல்பரப்பில் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது, ரத்தத்தில் அதற்கு வேலையில்லை.

எழுதிக் கொடுத்தது: பூஞ்சைக்கு இட்ராகொனசோல் மாத்திரை, ஸ்டீராய்டு இல்லாத வெறும் பூஞ்சைக் களிம்பு, ராத்திரி அரிப்புக்கு ஒரு மாத்திரை. இட்ராகொனசோலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட வேண்டும், கேஸ் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. களிம்பை வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி ஆரம்பித்து உள்நோக்கிப் பூச வேண்டும், ஏனென்றால் பூஞ்சை ஓரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பத்து நாள் நரகம், ஸ்டீராய்டை விட்டதும் அமுக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக எழுந்தது, இரண்டு முறை பழைய டியூபைத் தேடினேன், நல்லவேளை ரூமில் ஒருத்தன் தூக்கிப் போட்டிருந்தான். நாலு பேரும் ஒரே நேரத்தில் மருந்து எடுத்தோம், ஆளுக்கொரு துண்டு, ஜீன்ஸுக்குப் பதில் தொளதொள காட்டன் பேன்ட். துணியை உள்பக்கம் திருப்பிச் சூடாக அயர்ன் போடச் சொன்னார்கள். நாளெல்லாம் வெளிநாட்டுக்காரன் பனியனுக்கு அயர்ன் போடுகிறவன், சொந்தத் துணிக்கு ஒருநாளும் போட்டதில்லை. அரைஞாண் கயிற்றையும் கழற்றச் சொன்னார்கள், ஈரம் காயாமல் பூஞ்சை அதில் தங்கிவிடும் என்று. அதை அம்மாவிடம் சொன்னதுதான் இந்த மொத்த வைத்தியத்திலும் கஷ்டமான வேலை.

மார்ச்சில் சரியானது. தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் பூசிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

ஸ்டார் என்று கேட்டால், அரிப்பை நிறுத்துவதில் ஐந்து, கிடைக்கிற சுலபத்தில் ஐந்து, விலையில் நாலு, படர்தாமரைக்கு மருந்தாகப் பூஜ்யம். போன வாரம் அதே கடையில் சோப்பு வாங்க நின்றபோது, கல்லூரிப் பெண் ஒருத்தி முகத்தில் பருவுக்கு என்று கேட்க, கடைக்கார அண்ணன் அதே டியூபை எடுத்தார். "முகத்துக்கு இது ஸ்டீராய்டுங்க, போடாதீங்க" என்றேன். அந்தப் பெண் டியூபையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனாள். அண்ணன் என்னிடம் பேசவில்லை, மீதிச் சில்லறையைக் கல்லாமேல் வைத்தார்.

தொடைக் கோடுகளைப் பற்றிக் கடைசி தடவை போனபோது கேட்டேன். "மங்கும் தம்பி, போகாது" என்றார் மேடம். சிவப்பு போய் இப்போது வெள்ளையாக இருக்கின்றன.