கரப்பான் காலா, பழ ஈயா, ஆட்டு மூளையா?

"ஒரு மாச லீவுக்குள்ள நரம்பியல் சோதனை பழகணும். எதுல ஆரம்பிக்கலாம்?" மதுரையில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. மூன்றிலும் கைவைத்தவன் நான். என் ஓட்டு கரப்பானுக்கு.

ஆட்டு மூளை சுலபம். கறிக்கடையில் "வறுவலுக்கு இல்லண்ணே, முழுசா வேணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தலையைப் பிளக்கும்போதே மூளையும் இரண்டாகும். ஃபார்மலினில் ஒரு வாரமாவது ஊறினால்தான் குழையாமல் வெட்டலாம். நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் இருக்கும் இடம் அதற்கப்புறம் மறக்கவே மறக்காது. ஆனால் செத்த மூளை. அமைப்பு தெரியும், வேலை தெரியாது.

பழ ஈக்கு ரவை, வெல்லம், அகர் போட்டுக் காய்ச்சிய சாப்பாடு போதும். 25 டிகிரியில் பத்தே நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். நம்ம ஊர் மே மாதம் அதற்கு ஒத்துவராது: 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். என் பாட்டில்கள் இரண்டு முறை அப்படித்தான் காலியாகின. உயிர்க்கடிகாரத்தில், அதாவது உடம்புக்குள் ஓடும் நாள் கடிகாரத்தில், ஆசை இருந்தால் மட்டும் குளிர்ந்த இடம் தேடிப் பிடித்து ஈ வளருங்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களை வைத்து அந்த ஆய்வை நடத்திய ஊராச்சே. அந்தக் கடிகாரத்தின் மரபணுவுக்கு 1971இல் துப்புக் கொடுத்தது இந்த ஈதான்; 2017 நோபல் பரிசும் அந்த வழியில் வந்தது.

கரப்பானை ஐஸ் தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் அசைவற்றுப்போகும். ஒரு காலை வெட்டித் தக்கையில் வைத்து, இரண்டு குண்டூசி குத்தி, ஆம்ப்ளிஃபயரில் இணைக்க வேண்டும். ஸ்பைக்கர்பாக்ஸ் என்று ரெடிமேடாகவும் வருகிறது. காலிலுள்ள முள்ளைத் தீக்குச்சியால் தொட்டால் ஸ்பீக்கரில் கடுகு தாளித்த மாதிரி படபடவென்று வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் நரம்பணுவின் மின்துடிப்பு, சுமார் ஒரு மில்லிநொடி.

முதல் நாள் எனக்குக் கேட்டது கரப்பான் இல்லை, கரண்ட். 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். டியூப்லைட்டை அணைத்தேன், குறைந்தது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினேன், இன்னும் குறைந்தது. மனசே இல்லாமல் ஃபேனையும் நிறுத்தினேன். கடைசியில் பிஸ்கட் டின்னுக்குள் காலை வைத்து டின்னை எர்த் பண்ணியதும்தான் படபடப்பு தனியாகக் கேட்டது. வேர்த்து ஊற்றி இரண்டு மணி நேரம். எலி மூளையில் எலக்ட்ரோடு வைக்கும் பெரிய ஆய்வகத்திலும் இதே மல்லுக்கட்டுதான். ஆடும் ஈயும் இதைச் சொல்லித்தராது.

மருந்தடித்த வீட்டில் மட்டும் கரப்பான் பிடிக்காதீர்கள். அந்த மருந்து தாக்குவதே நரம்பைத்தான்.